ஐப்பசி முதல் தை வரை சேர்வராயன் மலை நடை, அங்கிருந்து இமயத்து வெண்பனிக்கு

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் கூட்டம் சேர்வது ஏப்ரல், மே மாதங்களில். நடந்து மலையேற விரும்புகிறவர்களுக்கு ஏற்ற காலம் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரத்தோடு முடிகிறது. இந்த நாலு மாதத்தில் மலையில் சிக்கலைக் கொண்டுவருபவை மூன்று: ஈரம், மூட்டம், சீக்கிரம் சாயும் பொழுது. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றையும் சமாளிப்பது பற்றித்தான். டிசம்பர், ஜனவரியில் உத்தராகண்ட் பக்கம் பனிமலைக்குப் போகத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இதே மலை நல்ல பயிற்சிக்களம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மாதம் பார்த்துக் கிளம்புங்கள்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600ஐத் தாண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. சேலம் அஸ்தம்பட்டியில் 28 டிகிரி இருக்கும்போது மேலே 20 டிகிரிதான் இருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவு வெப்பம் 12, 13 வரை இறங்கும்.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் இடிமழை வரும். புயல் அல்லது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பற்றிய அறிவிப்பு வந்தால் அந்த வாரம் மலைப்பக்கமே போக வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஏற்காட்டில் பெய்த கனமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழை விட்ட பிறகும் குறைந்தது இரண்டு நாள் பொறுங்கள். சரிவு பல நேரம் மழை நின்ற பிறகுதான் நடக்கும், ஏனென்றால் மண்ணுக்குள் இறங்கிய நீரின் அழுத்தம் உடனே குறைவதில்லை.

மார்கழியும் தையும்தான் நடைக்கு உயர்ந்த காலம். மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் மிச்சமிருக்கும், தூரத்து மலைகள் தெரியும். காலையில் மட்டும் மூட்டம் 9 மணி வரை விலகாது. மாசி பிறந்ததும் புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம் வந்துவிடும். அப்போது காட்டுப்பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே நடக்கலாம், எங்கே கூடாது

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் சேலம் மாவட்டத்துக்குக் குண்டூர், நாகலூர் பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். முதன்முறை போகிறவர்கள் இதில் போவதுதான் சரி. வழிகாட்டிகளுக்கு எந்த ஓடை எப்போது பெருகும், எந்தத் திருப்பத்தில் காட்டெருமை நிற்கும் என்பதெல்லாம் தெரியும்.

காப்பித் தோட்டங்கள் தனியார் நிலம். வாசலில் காவலாளியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அறுவடை நடக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை பெரும்பாலும் விடமாட்டார்கள்; அதை மதிப்பதே முறை. அனுமதி ஏதும் தேவைப்படாத நடையும் இருக்கிறது: ஏரியிலிருந்து தார்ச்சாலை வழியே சேர்வராயன் கோயில் வரை போய்த் திரும்புவது. ஒரு வழி ஐந்தாறு கிலோமீட்டர். ஏற்றம் மெதுவாக இருக்கும், மேலே திறந்த புல்வெளி. முதல் நடைக்கு இது போதும்.

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வயிற்றைப் புரட்டுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி வண்டி எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கு

வழி தவறியவர்கள், இருட்டில் சிக்கியவர்கள் பலரும் காலையிலேயே நேரக் கணக்கில் பிழை செய்தவர்கள். 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். உலர்ந்த பாதையில் நடக்கிற பழகிய ஆளுக்குத்தான் இது பொருந்தும். உண்ணிச்செடி மண்டிய ஈரமான ஒற்றையடிப் பாதைக்கு மணிக்கு 3 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்திலிருந்து 6 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏறுவதாக எடுத்துக்கொள்வோம். நெய்ஸ்மித் கணக்கில் இரண்டே முக்கால் மணி நேரம். நம் கணக்கில் தூரத்துக்கு 2 மணி, ஏற்றத்துக்கு இரண்டேகால், ஆக நாலேகால் மணி நேரம். இறங்க மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். இறக்கம் ஓடிவிடலாம் என்று நினைப்பது தப்பு. கணுக்கால் பிசகுவதும் வழுக்கி விழுவதும் கால் களைத்த பிறகு இறக்கத்தில்தான் அதிகம்.

நவம்பர் நடுவில் சேலத்தில் 5.50க்குச் சூரியன் மறைகிறது, அதன்பின் இருபது நிமிடம்தான் வெளிச்சம். மரநிழலிலும் கிழக்குச் சரிவிலும் 5.15க்கே இருட்டத் தொடங்கும். 5.50இலிருந்து இறக்கத்துக்கு மூன்று மணி நேரமும் கையிருப்பாக ஒரு மணி நேரமும் கழித்தால் 1.50. அதுதான் கடைசி எல்லை. ஐப்பசியில் மதிய இடியையும் சேர்த்துப் பார்த்தால் 12.30க்குத் திரும்பிவிட வேண்டும். உச்சி பத்து நிமிட தூரத்தில் தெரிந்தாலும் திரும்புங்கள். இந்த நேரத்தைக் கிளம்பும்போதே குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். மேலே போய் முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும். ஜனவரியில் சூரியன் 6.40க்குத்தான் உதிக்கிறது, மாலை 6.10 வரை இருக்கிறது. பொழுது பின்னால் தள்ளிப் போவதால் 5 மணிக்கே இருட்டில் கிளம்பி அவதிப்பட வேண்டியதில்லை.

காலில் போடுவது

மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. காய்ந்திருந்தால் நல்ல பிடிப்பு. மழைக்காலத்தில் அதன்மேல் படரும் மெல்லிய பச்சைப் பாசியில் எந்த ஷூவும் நிற்காது. ஆகவே பாசி படிந்த பாறையில் காலை வைக்காமல், மண் தெரியும் இடமாகப் பார்த்து மிதியுங்கள். மரவேரிலும் நனைந்த சில்வர் ஓக் சருகிலும் குறுக்காக மிதித்தால் வழுக்கும். வேரைத் தாண்டி அடியெடுத்து வைக்க வேண்டும்.

ஷூவின் அடியில் 4, 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள முட்டுகள் வேண்டும். அவை நெருக்கமாக இருந்தால் செம்மண் அடைத்துக்கொண்டு தட்டையாகிவிடும், இடைவெளி விட்டு இருப்பதை வாங்குங்கள். காலை முன்னால் தள்ளி நின்று, குதிகால் பக்கம் ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். இறங்குவதற்கு முன் கணுக்கால் பக்க நாடாவை மட்டும் அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினால் கால் முன்னால் சறுக்காது.

அலமாரியில் மூன்று நாலு வருடம் கிடந்த ஷூவை நம்ப வேண்டாம். நடு அடுக்கில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை ஈரக்காற்றில் மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பொடி உதிர்ந்தாலோ மடக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ நடுவழியில் அடி கழன்றுவிடும். பையில் ஒரு மீட்டர் துணி டேப்பைப் பேனாவில் சுற்றி வைத்திருந்தால் அப்போதைக்குக் கட்டி இறங்கலாம். அதே டேப்பைப் பாதத்தில் எரிச்சல் தொடங்கிய உடனே, கொப்புளம் வரும் முன்பே, ஒட்டிவிடுங்கள். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். கம்பளியோ செயற்கை இழையோ இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். மேலே போனதும் மாற்ற ஒன்று.

நனையாமல் இருப்பது

நனைந்த பருத்தி பனியன் உடம்பில் ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்வெப்பத்தைக் கடத்துகிறது. 13 டிகிரியும் காற்றும் சேர்ந்தால் நம் மலையிலேயே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க முடியும். நடுக்கம் நிற்காமல் தொடர்வது, பேச்சு குழறுவது, பொத்தான் போடக் கை வராமல் தடுமாறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படியானால் ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டி, தலையை மூடி, சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம்.

உடை மூன்று அடுக்கு: உடம்போடு ஒட்டிப் பாலியஸ்டர் டி-ஷர்ட், மேலே ஃப்ளீஸ் அல்லது மெல்லிய ஸ்வெட்டர், அதற்கும் மேலே மழைக்கும் காற்றுக்கும் ஒரு சட்டை. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். சுகமாக இருக்கிறதென்றால் பத்து நிமிடத்தில் வியர்த்து உள்ளிருந்தே நனைவீர்கள். ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றுங்கள், நின்ற உடனே போடுங்கள். பைக்கு வெளியே போடும் மழையுறையைவிட உள்ளே விரிக்கும் தடித்த பிளாஸ்டிக் பையே மேலானது. முதுகுப்பக்கமாகவும் தோள்பட்டை வழியாகவும் இறங்கும் நீரை உறை தடுக்காது. காப்புக்காட்டில் அந்தப் பையைத் தவறியும் விட்டுவிட்டு வரக்கூடாது.

தண்ணீர், தீனி

குளிரில் தாகம் எடுக்காது, வியர்வை மட்டும் போகும். மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஆறு மணி நேர நடைக்கு 3 லிட்டர். ஒரு லிட்டர் பொட்டலம் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டரில் முழுதாகக் கலக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போட்டால் அளவு கெட்டுவிடும். தோட்டங்களின் கீழே ஓடும் ஓடை நீரைக் கொதிக்க வைத்தாலும் குடிக்க வேண்டாம், பூச்சிமருந்து கொதியில் போகாது.

சாப்பாட்டுக்குப் புளிசாதம்தான் ஏற்றது. இடையில் கடலை மிட்டாய், பேரீச்சை. சேலத்துத் தட்டுவடை செட்டைக் கட்டிக்கொண்டு போனால் சட்னியில் ஊறி நொறுங்கிவிடும், வெறும் தட்டையாக எடுத்துப் போங்கள். குரங்குகள் பார்க்கும் இடத்தில் பையைத் திறக்காதீர்கள்.

மூட்டம், இடி, ஓடை

மூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியாமல் போனால் நில்லுங்கள். வழி தெரியாமல் முன்னேறும் ஒவ்வொரு அடியும் திரும்பும் வழியை மறக்கடிக்கும். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி வந்து அரைமணி நேரம் காத்திருங்கள். கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். நெற்றியில் மாட்டும் விளக்கின் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசும். அதைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் தரை தெரியும். விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது மலையில் உதவி கேட்கும் முறை. சிக்னல் கிடைத்தால் 112, ஆம்புலன்ஸுக்கு 108. மூட்டத்தில் மலைச்சாலையில் நடக்க நேர்ந்தால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக, வெளிர்நிற உடையில், ஒருவர் பின் ஒருவராக நடங்கள்.

சேர்வராயன் கோயில் மேட்டில் ஒதுங்க மரமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் இறங்கத் தொடங்குங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே திரும்ப ஏறலாம். தனி மரத்தடியில் நிற்காதீர்கள்.

ஓடையில் தண்ணீர் செம்மண் நிறமாகி, குச்சியும் இலையும் மிதந்து வந்தால் மேலே மழை பெய்கிறது என்று பொருள். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் இறங்கக்கூடாது. அதற்குக் கீழே என்றாலும் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். விழுந்தால் பை உங்களை மூழ்கடிக்கும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நாட்களில் கிளியூர் அருவியின் அடியில் நிற்காதீர்கள்.

விலங்குகள்

காட்டெருமையிடம் குறைந்தது ஐம்பது மீட்டர் விலகி இருங்கள். கன்றோடு இருந்தால் இன்னும் தூரம். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் கல் எறிவதும் உயிரோடு விளையாடுவது. தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறினால் ஓடாமல், பெரிய மரத்தின் பின்னால் நகருங்கள். பாறையில் மலைத்தேனீ கூடு தெரிந்தால் புகை, வாசனைத்திரவியம், சத்தம் எதுவும் கூடாது.

கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் கிடந்தால் தெரியாது. கால்வைக்கும் இடத்தைக் கம்பால் தட்டிப் போங்கள், பாறை இடுக்கில் கை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். பெரிய சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

வெண்பனிக்குத் தயாராவது

சேர்வராயனில் கால் பலம், சுமை தூக்கும் பழக்கம், குளிரில் உடை மாற்றும் ஒழுங்கு ஆகியவை கிடைக்கும். உயரத்துக்குப் பழகுவது மட்டும் கிடைக்காது. உத்தராகண்டில் கேதார்காந்தா பனிமலை நடை தொடங்கும் சாங்க்ரி கிராமமே சுமார் 1,950 மீட்டர். நம் மலை உச்சியைவிட உயரம். கேதார்காந்தா உச்சி 3,800 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரே நாளில் தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையாவிட்டால் இரவென்றும் பாராமல் இறங்குங்கள்.

எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். வாரம் மூன்று நாள் 45 நிமிட வேகநடை, ஒரு நாள் மலை. சங்ககிரிக் கோட்டைப் படிகள் இதற்கு அருமை. முதல் இரண்டு வாரம் வெறும் முதுகு, பிறகு 4 கிலோவில் தொடங்கி 8 கிலோ வரை. தண்ணீர் பாட்டில்களைச் சுமையாக்கினால் உச்சியில் கொட்டிவிட்டு முட்டியைக் காப்பாற்றி இறங்கலாம். ஊன்றுகோலும் முழங்கால் வரையிலான உறையும் இங்கேயே போட்டுப் பழகுங்கள். ஏறும்போது கோல் முழங்கை செங்கோணமாகும் உயரத்தைவிட 5 சென்டிமீட்டர் குறைவாக, இறங்கும்போது 5 முதல் 10 கூடுதலாக இருக்க வேண்டும்.

மிதிபட்டு இறுகிய பனியில், கேதார்காந்தா போன்ற பாதைகளில், ஷூவின் மேல் மாட்டும் சங்கிலி முட்கள் போதும். முட்டளவு புதுப்பனி விழுந்த இடங்களிலும் காஷ்மீரின் குல்மார்க் பக்கத்துச் சரிவுகளிலும்தான் அகலமான பனிமிதியடி, அதாவது ஸ்னோஷூ, தேவைப்படும். உடல் எடையைப் பரப்பிவிடுவதால் கால் புதையாது. அளவைச் சுமையோடு சேர்ந்த எடை வைத்துத் தேர்வார்கள். ஏறத்தாழ 80 கிலோ வரை 25 அங்குலம், 100 கிலோ வரை 30 அங்குலம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அட்டையில் பாருங்கள். பொடிபோன்ற புதுப்பனிக்கு ஒரு அளவு பெரிதாக எடுக்கலாம்.

மாட்டும் முறை:
1. இடது வலது பாருங்கள். கொக்கிகள் வெளிப்பக்கம் வர வேண்டும், உள்பக்கம் வந்தால் இரண்டும் உரசி இடறும்.
2. பாதத்தின் முன்பந்து சுழலும் அச்சின் மேல் உட்காரட்டும். விரல் நுனி முன் துளையின் விளிம்பைத் தாண்டக்கூடாது.
3. முன்பட்டையை முதலில், பிறகு குதிகால் பட்டையை இறுக்குங்கள். குதிகால் தாராளமாக எழும்ப வேண்டும்.
4. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி இறுக்குங்கள், பனி அழுந்தியதும் பட்டை தளரும்.

கால்களைச் சாதாரணத்தைவிடச் சற்று அகலமாக வைத்து நடங்கள். ஒன்றின் மேல் ஒன்று மிதிபட்டால் அந்த இடத்திலேயே குப்புற விழுவீர்கள். பின்னோக்கி அடியெடுத்தால் வால்பகுதி பனிக்குள் குத்திக்கொள்ளும், ஆகவே திரும்ப வேண்டுமானால் சிறிய வட்டமடியுங்கள். ஏற்றத்தில் முன்முள்ளை உதைத்துப் பதித்து, குதிகால் தூக்குக் கம்பி இருந்தால் அதை நிமிர்த்துங்கள். இறக்கத்தில் முட்டியைத் தளர்த்தி, எடையைக் கொஞ்சம் குதிகாலுக்கு மாற்றுங்கள். பக்கச் சரிவில் நீண்ட தூரம் போகாதீர்கள், ஸ்னோஷூ அதற்குச் செய்ததல்ல. கோல்களுக்கு அகலத் தட்டு மாட்டாவிட்டால் கைப்பிடி வரை புதையும்.

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம். புதிதாக நிறையப் பனி பெய்த அடுத்த ஓரிரு நாட்கள் அந்தச் சரிவிலும் அதன் அடியிலும் கால் வைக்காதீர்கள். வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொன்னால் வேண்டாம்தான்.

கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் மின்சாரம் திடீரென்று தீரும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால் மேல்பக்கம் முதலில் உறைவதால் மூடி அடைக்காது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் ஒரு பகல் நடந்தால் இரவில் கண் மணல் விழுந்ததுபோல எரியும். காதுகள், மூக்கு, விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காமல், விரல்களை அக்குளில் வைத்தும் காது, மூக்கைக் கையால் பொத்தியும் சூடேற்றுங்கள். ஊர் திரும்பியதும் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். சேலத்து வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். முட்களின் ஈரத்தைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுத்து வைக்க வேண்டும்.